மானுக்கு ஒரு குண்டு

நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஒரு மான் செத்தது. கதை நடக்கும் வருஷம் 1946. பர்மா யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவன், எப்படியோ மறைத்துக் கொண்டுவந்த ராணுவத் துப்பாக்கியால் ஆனைமலைக் காட்டில் ஒரு கடமானைச் சுடுகிறான். ஒரே வெடி, மான் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுகிறது. அத்தியாயத்துக்கு நல்ல முடிவு என்று எனக்குள் திருப்திகூட இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு காலத்தில் காப்பித் தோட்டத்தில் மானேஜராக இருந்தவர். வயது தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தது. "ராணுவக் குண்டுக்கு மான் அப்படி விழாது. குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிருக்கும். மான் ஓடியிருக்கும். ராத்திரி முழுவதும் எங்கேயோ புதரில் கிடந்து செத்திருக்கும். தயவு செய்து விசாரித்து எழுதவும்" என்று கண்டிருந்தது. கதாநாயகியின் புடவை நிறம் மாறிவிட்டதென்று எழுதும் வாசகர்களை எனக்குப் பழக்கம். மானுக்காக வாதாட வந்த வாசகர் இவர் ஒருவர்தான்.

விசாரித்தேன். இண்டர்மீடியட்டில் பௌதிகத்தில் தட்டுத் தடுமாறித் தேறியவன் நான். இருந்தாலும் விஷயம் என்னை விடவில்லை.

துப்பாக்கிக் குண்டின் சரித்திரத்தில் நம் பக்கத்துக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1820-களில் ஆங்கிலப் பட்டாளத்தைச் சேர்ந்த காப்டன் ஜான் நார்ட்டன் என்பவர், அடிப்புறம் குழிந்த கூம்புக் குண்டு ஒன்றைச் செய்தார். தென்னிந்தியாவில் இருந்தபோது, இங்குள்ளவர்கள் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்பைப் பார்த்தாராம். அம்பின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி. ஊதினால் நெட்டி விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும், காற்று வீணாகாது. ஈயமும் அப்படி விரியாதா என்று யோசித்ததாகத் துப்பாக்கிச் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவருடைய சர்க்கார் அதை ஏற்கவில்லை. பின்னால் பிரெஞ்சுக்காரர் மினியே அதே தத்துவத்தில் செய்த குண்டுதான் உலகப் பிரசித்தி அடைந்தது.

அது வரையில் குண்டு என்றால் வெறும் ஈயம். ஈயம் மெத்தென்ற உலோகம். உடம்பில் பட்டதும் நசுங்கி அகலும். 1880-களில் புகையில்லாத மருந்து வந்தது. குண்டின் வேகம் ஏறவே, வெறும் ஈயம் குழாயின் திருகு காடிகளில் வழுக்கி, ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தது. அதற்காகச் செம்புக் கலவையில் ஒரு சட்டை தைத்துப் போட்டார்கள். சட்டை போட்ட குண்டு நெடுந்தூரம் நேராகப் போயிற்று. ஆனால் உடம்புக்குள் விரியாமல் ஊசியைப்போல ஊடுருவி வெளியேறிவிட்டது. 1895-ல் சித்ரால் சண்டையில், எதிரிகள் குண்டு பட்டும் நிற்காமல் ஓடி வருகிறார்கள் என்று ஆங்கிலேயர் முறையிட்டார்கள்.

கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் என்ற ஊர். இன்று விமான நிலையம் இருக்கும் இடம். அங்கிருந்த ஆயுதச் சாலையில் காப்டன் பெர்ட்டி-க்ளே என்பவர் ஒரு சுலபமான காரியம் செய்தார். குண்டின் மூக்கில் மட்டும் சட்டையைக் கழற்றி ஈயத்தை வெளியே காட்டினார். அவ்வளவுதான். குண்டு பட்டதும் மூக்கு காளானைப்போல விரிந்தது. ஊர்ப் பெயரே குண்டுக்குப் பெயராயிற்று.

இந்த டம்டமுக்கு முன்பே ஒரு தோட்டாக் கதை உண்டு. 1857 ஜனவரியில், அங்கே வேலை செய்த கலாசி ஒருவன் ஒரு பிராமணச் சிப்பாயிடம் லோட்டாவில் தண்ணீர் கேட்டான். சிப்பாய் ஜாதி பார்த்து மறுத்தான். "இன்னும் எத்தனை நாளைக்கு உன் ஜாதி? கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப் போகிறாயே" என்ற பொருள்பட அவன் பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரே ஊர், நாற்பது வருஷத்துக்குள் தோட்டாவினால் இரண்டு முறை உலகத்தையே பேச வைத்தது.

1899-ல் ஹேக் நகரில் தேசங்கள் கூடின. மனித உடம்பில் எளிதில் விரியும் குண்டுகளை யுத்தத்தில் உபயோகிக்கலாகாது என்று ஜூலை 29-ம் தேதி பிரகடனம் செய்தன. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. பிரிட்டன் பிறகு 1907-ல் இணங்கியது. மனித உடம்பு என்றுதான் அதில் கண்டிருக்கிறது. மானைப் பற்றிப் பிரஸ்தாபமே இல்லை.

மானுக்கோ சட்டம் நேர் எதிர். இங்கிலாந்தின் 1991-ம் வருஷத்து மான் சட்டப்படி, மானை ரைபிளால் சுடுவதென்றால் குண்டின் மூக்கு மெத்தென்றோ குழிந்தோ இருக்க வேண்டும். விரியாத குண்டு குற்றம். முதலில் படித்தபோது எழுத்துப் பிழை என்றே நினைத்தேன். யோசித்தால் நியாயம் புரிகிறது. காயம்பட்ட சிப்பாயை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் உண்டு. மானுக்கு ஆஸ்பத்திரி கிடையாது. அதற்குச் செய்யக்கூடிய ஒரே தயவு, சீக்கிரம் சாகடிப்பது.

ஆனால் விரிந்தால் மட்டும் போதாதாம். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பலர் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை எறிவதில்லை. வீட்டு மேஜையிலேயே பழைய கேப்பைத் தட்டியெடுத்து, கூட்டை அச்சில் அழுத்திச் சீராக்கி, புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டைப் பொருத்துகிறார்கள். எடைக்குக் கிரெயின் என்று கணக்கு. நம் குன்றிமணி மாதிரி, வாற்கோதுமை மணியிலிருந்து வந்தது. ஏழாயிரம் கிரெயின் ஒரு ராத்தல். மானுக்கு வழக்கமான 150 கிரெயின் குண்டு ஒரு பவுன் தங்கத்தைவிடச் சற்றே கனம், அவ்வளவுதான்.

கூடு, கேப்பு, மருந்து மூன்றிலும் அதிகத் தகராறு இல்லை. குண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் சங்கடம். முந்நூறு கஜத்தில், வேகம் குறைந்த பிறகும் அழகாக விரியும்படி மெல்லிய சட்டை போட்டால், அதே குண்டு முப்பது கஜத்தில் தோள் எலும்பில் பட்டுத் தூளாகிவிடும். மேலே பெரிய புண், உள்ளே ஒன்றுமில்லை. சட்டையைக் கனமாக்கினால் தூரத்தில் விரியாது. மான் எத்தனை கஜத்தில் நிற்கும் என்று மேஜையருகில் உட்கார்ந்து யாருக்குத் தெரியும்?

1946-ல் ஜான் நாஸ்லர் என்ற லாரித் தொழிலதிபர் கானடாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். மூஸ் என்பது மான் ஜாதியிலேயே பெரியது. உடம்பெல்லாம் சேறு அப்பியிருந்த அந்தப் பிராணியை அருகிலிருந்து சுட்டும் குண்டுகள் தோலோடு சிதறினவே தவிர உள்ளே இறங்கவில்லை. ஊர் திரும்பியவர், குண்டின் நடுவே செம்பினால் ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், சுவருக்குப் பின்னுள்ள பாதி சிதையாமல் உள்ளே போகும். அடுத்த வருஷம் அவரும் ஒரு நண்பரும் ஆளுக்கொரு மூஸை ஒரே குண்டில் வீழ்த்தினார்கள். 1948-ல் வியாபாரம் ஆரம்பமாயிற்று. குண்டின் பெயர் பார்ட்டிஷன். அந்த வருஷங்களில் நம் நாட்டில் அந்த வார்த்தைக்கு இருந்த பொருளே வேறு.

ஈயம் சிதறுவதில் இன்னொரு வினையும் இருந்தது. சுட்ட மானின் குடலைக் காட்டிலேயே விட்டுப்போவது வழக்கம். அதில் கிடக்கும் ஈயத் துணுக்குகளைத் தின்று கலிபோர்னியாவின் காண்டார் கழுகுகள் மாண்டன. 1982-ல் உலகத்தில் மொத்தம் இருபத்திரண்டே மிஞ்சின. கூண்டில் வைத்துப் பெருக்கித்தான் மீண்டும் பறக்கவிட்டார்கள். 2019 ஜூலை முதல் அந்த ராஜ்யம் முழுவதும் வேட்டைக்கு ஈயக் குண்டு தடை. செம்பாலேயே செய்த குண்டுகளைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு பெரியவரைப் பார்க்கப் போனேன். நம் நாட்டில் 1972-ம் வருஷத்துச் சட்டத்தோடு வேட்டைக்கு முடிவு வந்துவிட்டது. அவர் அதற்கும் வெகு காலம் முன்பே துப்பாக்கியைக் கீழே வைத்தவர். மேஜை டிராயரிலிருந்து ஒரு ஈயக் காளானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு கடமானின் உடம்பிலிருந்து எடுத்தது.

"இது விழுந்த மான்" என்றார்.

பிறகு மற்றொன்றைச் சொன்னார். காட்டெருமைக்கென்று வைத்திருந்த, விரியாத கெட்டிக் குண்டு துப்பாக்கியில் இருந்ததாம். எதிரே கடமான் வந்தது. மாற்றிப் போட நேரமில்லை, சுட்டுவிட்டார். இரண்டு நாள் ரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டு தேடியிருக்கிறார். ஓடைக்கரையில் தடம் மறைந்துவிட்டது.

"அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது ஸார். எங்கே போய் விழுந்ததோ" என்றார். அதற்குள் அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். பேச்சு மழையைப் பற்றித் திரும்பிற்று.

கதை புத்தகமாக வரும்போது அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். மான் இப்போது விழுவதில்லை. சிப்பாய் இரண்டு நாள் தேடுகிறான். பதிப்பாளருக்கு எட்டுப் பக்கம் கூடிப்போயிற்று என்று குறை.