இடைநிலைப்பள்ளியில் பிரெஞ்சுமொழியும் தமிழ்க்கல்வியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

மலேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழுக்கு அருகே வைத்து எண்ணத்தக்க மொழிப்பாடங்களுள் பிரெஞ்சும் ஒன்றாகும். இவ்விரு மொழிகளும் ஒன்றையொன்று விலக்குவனவா, ஒன்றுக்கொன்று துணைநிற்பனவா என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரிக்பீல்ட்சும் பிரெஞ்சுத் தொடர்பும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், 1904இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமத்தால் தமிழர் கல்வி வரலாற்றில் இடம்பெற்ற பகுதியாகும். இங்கு லசால் பெயரைத் தாங்கிய பள்ளியும் உண்டு. பிரெஞ்சுப் பாதிரியாரான லசால் 1680இல் தொடங்கிய துறவியர் அமைப்பு, 1852இல் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. 1904இல் கோலாலம்பூரில் செயின்ட் ஜான்ஸ் பள்ளியை நிறுவியது. எனினும், இப்பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமாகவே இருந்தது. நிறுவியோரின் மரபைக் காட்டிலும் ஆட்சியாளரின் மொழியே வகுப்பறையில் நிலைபெற்றது என்பது இதனால் விளங்கும்.

சட்டத்தில் இரு மொழிகள்

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, பதினைந்து மாணவர்களின் பெற்றோர் வேண்டினால் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசிய இடைநிலைப்பள்ளிக்குத் தரும் விளக்கத்திலும் இந்நெறி இடம்பெற்றது. அவ்விளக்கத்திலேயே அரபு, ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகியனவும் சுட்டப்பெறுகின்றன. ஆயினும், பெற்றோர் வேண்டினால் தமிழ் கற்பிக்கப்பட ‘வேண்டும்’ என்னும் சட்டம், நடைமுறைக்கு இயலுமாயின் பிரெஞ்சு கற்பிக்கப்பட‘லாம்’ என்றே கூறுகின்றது. முன்னது உரிமை, பின்னது வாய்ப்பு. இவ்வேறுபாட்டைத் தமிழாசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. உரிமை வேண்டுவோர்க்கே பயன்தரும்.

தேர்வு முறையும் இங்குக் கருதத்தக்கது. 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களே எழுதலாம் என்று 2009இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் கைவிடப்படும் என்ற அச்சம் எழுந்தது. தமிழ்ச் சமூகத்தின் எதிர்ப்பிற்குப் பின்னர், அவ்வாண்டு இறுதியில் மேலும் இரு பாடங்களுக்கு இடமளிக்கப்பட்டது. பிறமொழியொன்றின் வரவினால் எழுந்த அச்சமன்று இது. பாட எண்ணிக்கையினால் எழுந்தது.

தமிழ்நாட்டின் படிப்பினை

தமிழ்நாட்டிலோ போட்டி நேரடியானது. மேல்நிலை வகுப்பில் முதற்பகுதி மொழியாகத் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சைத் தெரிந்தெடுக்க இயலும். மதிப்பெண் கருதி அவ்வாறு மாறுவோர் உண்டு. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம், 2006-07இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுதோறும் ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்க வகைசெய்தது. ஒன்றைத் தெரிந்தால் மற்றொன்றை இழக்க நேரும் அமைப்பே இங்குக் குறையாகும், பிரெஞ்சு குறையன்று.

தமிழாய்வுக்குப் பிரெஞ்சு

பள்ளியில் இடைத்தரம் வரை பிரெஞ்சு கற்பது தமிழ் மாணவருக்கு அயர்வூட்டும் முயற்சியன்று. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாட்டை அறிந்தவர்க்குப் பிரெஞ்சின் ‘து’, ‘வூ’ புதியனவல்ல. ‘வந்தான்’, ‘வந்துகொண்டிருந்தான்’ என்பவற்றின் பொருள்வேறுபாட்டை உணர்ந்தவர், பிரெஞ்சின் இருவகை இறந்தகால வடிவங்களையும் விரைவில் பற்றிக்கொள்வர். அஃறிணைப் பெயர்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பதே அவர்க்குப் புதுமை.

அத்தரம் தமிழாய்வுக்கு ஒரு வாயிலாகும். 1955இல் ழான் ஃபிலியோசா புதுச்சேரியில் நிறுவிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், காரைக்கால் அம்மையார் பாடல்களை 1956இலும், பிரான்சுவா குரோவின் பரிபாடல் மொழிபெயர்ப்பை 1968இலும் பிரெஞ்சில் வெளியிட்டது. 1960களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள், ஃபிலியோசா முதலிய ஐரோப்பிய அறிஞரோடு இணைந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை வளர்த்தார். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், மூன்றாவது 1970இல் பாரிசிலும் நிகழ்ந்தன.

முடிவுரை

பிரெஞ்சு தமிழுக்குப் பகையன்று; தமிழுக்குப் பதிலாகக் கற்பிக்கப்படும்போது மட்டுமே இழப்பு நேர்கின்றது. பிரிக்பீல்ட்சின் தமிழ் மாணவன் முதலில் சட்டம் தரும் தமிழ் உரிமையை முழுமையாகப் பெறுதல் வேண்டும். அதன்மேல் பிரெஞ்சையும் கற்பானாயின், பரிபாடலைப் பிரெஞ்சு ஆய்வுரைகளின் துணையோடும் நோக்கவல்ல ஆய்வாளன் ஒருவனைத் தமிழுலகம் பெறும் எனலாம்.