நிறைவேற்றப்படாத மிரட்டல்: சம்பாரண், 1917

பேச்சுத் தமிழ் ‘உருட்டல் மிரட்டல்’ என்று இரண்டு சொற்களை இணைத்தே வழங்குகிறது. மிரட்டல் என்பது தீங்கு செய்வேன் என்ற அறிவிப்பு. உருட்டல் என்பது அந்த அறிவிப்புக்குப் பின்னால் வலு இருக்கிறதோ இல்லையோ, இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் ஆர்ப்பாட்டம். சவடால், வெத்துவேட்டு, பூச்சாண்டி காட்டுதல் என்று வெறும் மிரட்டலுக்குத் தமிழில் தனிப் பெயர்களே உண்டு. ஆனால் இப்பெயர்கள் பெரும்பாலும் மிரட்டல் பொய்த்த பிறகு சூட்டப்படுபவை. மிரட்டப்படும் நேரத்தில் எதிரில் நிற்பது பூச்சாண்டியா புலியா என்று அறிய மிரட்டப்படுபவருக்கு வழியில்லை. மிரட்டலின் ஆற்றல் பெருமளவு இந்த அறியாமையில்தான் தங்கியிருக்கிறது.

பேச்சுச் செயல் கோட்பாட்டை வளர்த்தெடுத்த ஜான் செர்ல், 1969இல் வெளியான தம் நூலில் வாக்குறுதியையும் மிரட்டலையும் ஒப்பிட்டார். வாக்குறுதி, கேட்பவருக்காக ஒன்றைச் செய்வதாகச் சொல்வது. மிரட்டல், கேட்பவருக்கு எதிராக ஒன்றைச் செய்வதாகச் சொல்வது. அதற்கு முன்பே, 1960இல், பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் வேறொரு வேறுபாட்டைக் கவனித்திருந்தார். வாக்குறுதி பலித்தால் அதை அளித்தவருக்குச் செலவு. மிரட்டலோ பலிக்காமல் போனால்தான் செலவு. கேட்பவர் பணிந்துவிட்டால் மிரட்டியவருக்கு ஒரு காசும் செலவில்லை. பணியாவிட்டால் சொன்னதைச் செய்தாக வேண்டும்; அல்லது சொன்னது வெறும் சொல்தான் என்று ஊரறியும். ஆகவே மிரட்டலை நம்பி நடக்கும் எந்த அதிகாரமும், தன் மிரட்டல்களில் பெரும்பாலானவற்றை நிறைவேற்றத் தேவையே வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பீகாரின் வடமேற்கு மூலையில், நேபாள எல்லையை ஒட்டிய சம்பாரண் மாவட்டத்தில் 1917இல் நடந்தது, அந்த நிலை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று.

1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சம்பாரணில் சுமார் 19 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலத்தை நம்பியவர்கள். மாவட்டத்தின் பெரும்பகுதி பேத்தியா ஜமீனுக்கு உரியது. அந்த ஜமீனின் கிராமங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஐரோப்பியத் துரைமார், எண்ணிக்கையில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களது அவுரித் தொழில் ‘தீன்கட்டியா’ என்ற முறையை நம்பி நடந்தது. ஒரு பீகா நிலத்தில் உள்ள 20 கட்டாக்களில் 3 கட்டாவில் விவசாயி துரைக்காக அவுரி பயிரிட வேண்டும். விலையைத் துரை நிர்ணயிப்பார். 1897இல் ஜெர்மனியின் செயற்கை அவுரிச் சாயம் சந்தைக்கு வந்தபின் இயற்கைச் சாயத்தின் விலை சரிந்தது. 1890களில் 90,000 ஏக்கருக்கும் மேல் இருந்த சம்பாரணின் அவுரிப் பரப்பு, 1914இல் 10,000 ஏக்கருக்கும் கீழே இறங்கியது.

பயிர் போனாலும் வசூல் போகவில்லை. அவுரி பயிரிடும் கடமையிலிருந்து விடுவிப்பதற்கு ஈடாகச் சில இடங்களில் குத்தகை உயர்த்தப்பட்டது. ‘ஷரஹ்பேஷி’ என்பது அதன் பெயர். வேறு சில இடங்களில் ‘தாவான்’ என்ற பெயரில் பீகாவுக்கு 100 ரூபாய் அளவுக்கு மொத்தமாகப் பணம் வாங்கப்பட்டது. இவற்றுக்கு மேல் சட்டத்தில் இடமில்லாத ‘அப்வாப்’ வரிகள் இருந்தன. தந்தை இறந்து மகன் பெயருக்கு நிலம் மாறினால் ஒரு வரி. துரை குதிரை வாங்கினால் ஒரு வரி. யானை வாங்கினால் இன்னொரு வரி.

சட்டத்தில் இல்லாத இந்த வரிகளை லட்சக்கணக்கானோர் ஏன் கட்டினர்? அடி உண்டு, அபராதம் உண்டு என்பது உண்மை. ஆனால் அன்றாடம் வேலை செய்தவை வேறு கருவிகள். மறுப்பவரின் மாடுகள் பட்டிக்குப் போகும். நாவிதரும் சலவைத் தொழிலாளியும் தச்சரும் கொல்லரும் அந்த வீட்டுக்கு வேலை செய்யக் கூடாது என்று தடை வரும். இவை ஒவ்வொரு வீட்டுக்கும் நடக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு நடந்தால் போதும்; மற்ற வீடுகள் பார்த்துக்கொள்ளும். துரைமாரின் அதிகாரத்தில் பெரும்பகுதி, நடந்த தண்டனைகளை அல்ல, நடக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பைச் சார்ந்தே இருந்தது.

ஆயினும் அந்த எதிர்பார்ப்பு வெறுங்கற்பனை அன்று. சம்பாரண் பற்றிய பொதுவான கதையில் விடுபட்டுப்போகும் பகுதி இது. காந்தி வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1907-08இல், சாட்டி தொழிற்சாலைப் பகுதியில் ஷேக் குலாப், சீதல் ராய் போன்றோர் முன்னின்று அவுரி பயிரிட மறுத்தனர். அதாவது மிரட்டலுக்குப் பணிய மறுத்து, ‘முடிந்ததைச் செய்’ என்றனர். துரைமாரும் அரசும் செய்தன. கூடுதல் காவல்படை வந்தது, வழக்குகள் தொடுக்கப்பட்டன, பலர் சிறை சென்றனர். கோர்லே என்ற அதிகாரி விசாரித்துத் தந்த அறிக்கையை அரசு வெளியிடவில்லை. சாட்டியில் மிரட்டல் மெய்யாகவே நிறைவேற்றப்பட்டது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குச் சம்பாரணில் சொல்லப்பட்ட ஒவ்வொரு மிரட்டலுக்கும் அந்த நினைவு பிணையாக நின்றது.

ஆகவே ‘துணிந்தவனுக்குத் துக்கமில்லை’ என்று இந்த வரலாற்றைச் சுருக்கிவிட முடியாது. 1908இல் துணிந்தவர்களுக்குத் துக்கமே மிஞ்சியது. 1917இல் அதே மறுப்பு வேறு விளைவைத் தந்தது ஏன் என்பதுதான் கேள்வி.

1916 டிசம்பரில் லக்னோவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் ராஜ்குமார் சுக்லா என்ற சம்பாரண் விவசாயி காந்தியைச் சந்தித்து, தம் மாவட்டத்துக்கு வருமாறு விடாமல் வலியுறுத்தினார். 1917 ஏப்ரலில் காந்தி முசாபர்பூர் வந்தார். துரைமார் சங்கத்தின் செயலாளரையும் திருகுத் கோட்டத்தின் கமிஷனர் மோர்ஸ்ஹெட்டையும் சந்தித்தார். வெளியூர்க்காரருக்கு இங்கே வேலையில்லை என்பதே இரு இடத்திலும் கிடைத்த பதிலின் சாரம். 15ஆம் தேதி அவர் மாவட்டத் தலைநகரான மோதிஹாரியை அடைந்தார். மறுநாள் யானை மீது ஒரு கிராமத்துக்குச் சென்றுகொண்டிருந்தபோது வழியில் அவரை மறித்து, அடுத்த ரயிலில் மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற உத்தரவு சேர்ப்பிக்கப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின் கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணை அது. கீழ்ப்படிய இயலாது என்று காந்தி எழுதிக் கொடுத்தார். 18ஆம் தேதி நீதிமன்றத்துக்கு வருமாறு அழைப்பாணை வந்தது.

அந்த ஆணையைப் பிறப்பித்தவர்கள், அது நிறைவேற்றப்பட வேண்டி வரும் என்று எண்ணியதாகத் தெரியவில்லை. பெரும்பாலான வெளியூர்ப் பிரமுகர்கள் எதிர்ப்பு அறிக்கை ஒன்றை விடுத்துவிட்டு ரயில் ஏறியிருப்பார்கள். ஏப்ரல் 18 அன்று மோதிஹாரி நீதிமன்றத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான விவசாயிகள் திரண்டனர். அரசு வழக்கறிஞர் வழக்கைத் தள்ளிவைக்கவே விரும்பினார். காந்தியோ குறுக்கிட்டு, உத்தரவை மீறியதை ஒப்புக்கொண்டு, அதற்குரிய தண்டனையை ஏற்பதாக அறிக்கை வாசித்தார். சாட்சி தேவையில்லை, வாதம் தேவையில்லை, தண்டனை விதிப்பது மட்டுமே மிச்சம். மாஜிஸ்திரேட் தீர்ப்பை ஒத்திவைத்து, 100 ரூபாய் பிணை கேட்டார். காந்தி அதையும் மறுத்தார். பிணை இல்லாமலே அவர் விடுவிக்கப்பட்டார். தீர்ப்பு நாளுக்கு முன்பே, துணைநிலை ஆளுநரின் உத்தரவின் பேரில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

மொழிச் செயல் என்ற நிலையில் பார்த்தால் அந்த ஒப்புதல் வாக்குமூலம் கூர்ந்து நோக்கத்தக்கது. மிரட்டல் கேட்பவரிடம் இரண்டில் ஒன்றையே எதிர்பார்க்கிறது: பணிவு, அல்லது எதிர்ப்பு. எதிர்ப்பு வந்தால் அதைக் கலகம் என்று பெயரிட்டு அடக்கலாம். எதிர்மிரட்டல் வந்தால் யார் கை ஓங்குகிறது என்று பார்க்கலாம். காந்தி இரண்டையும் தரவில்லை. ‘நீங்கள் சொன்ன தண்டனையைத் தாருங்கள்’ என்றார். மிரட்டலின் மதிப்பு அது நிறைவேற்றப்படாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்னும்போது, நிறைவேற்றச் சொல்லிக் கேட்பது அதைச் செலவாக மாற்றிவிடுகிறது.

அந்தச் செலவை 1908இல் ஏற்ற அரசு 1917இல் ஏற்க மறுத்ததற்குக் காரணங்கள் உண்டு. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. உள்நாட்டில் அமைதியும் படைக்கு ஆளும் தேவைப்பட்டன. சாட்டியில் சிறை சென்றவர்களின் பெயர் மாவட்டத்துக்கு வெளியே அதிகம் தெரியாது. காந்தியோ தென்னாப்பிரிக்கப் போராட்டத்தால் இந்தியா முழுவதும் அறியப்பட்டவர். உத்தரவு வந்த அன்றே அவரது தந்திகள் வைஸ்ராயின் அலுவலகத்துக்கும் நண்பர்களுக்கும் பறந்தன. தன்னைக் கலந்துகொள்ளாமல் இந்த நடவடிக்கையை எடுத்ததற்காக மாகாண அரசு கமிஷனரைக் கடிந்துகொண்டது. 1908இல் மிரட்டியவரும் மிரட்டப்பட்டவரும் மட்டுமே களத்தில் இருந்தனர். 1917இல் பார்ப்பவர்கள் இருந்தனர். மிரட்டலுக்கு விலை வைத்தவர்கள் அவர்களே.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியமானது. பிரஜ்கிஷோர் பிரசாத், ராஜேந்திர பிரசாத், அனுக்ரஹ நாராயண் சின்ஹா முதலிய வழக்கறிஞர்கள் உட்கார்ந்து விவசாயிகளின் வாக்குமூலங்களை எழுதினர். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, நிற்காத செய்தியை ஒதுக்கினர். இவ்வாறு ஏறத்தாழ 8,000 வாக்குமூலங்கள் பதிவாயின. அங்கே ரகசியக் காவல்துறை அதிகாரிகள் அமர்ந்து குறிப்பெடுத்தனர். அவர்கள் இருப்பதைக் காந்தி எதிர்க்கவில்லை. விவசாயிகள் காவலர் முன்னிலையில் பேசியதால் இரண்டு பயன்கள் விளைந்தன. பேசியவருக்குப் பயம் தெளிந்தது. காவலர் கேட்டுக்கொண்டிருந்ததால் மிகைப்படுத்தும் ஆசையும் அடங்கியது. மிரட்டலுக்கு எதிராகப் புளுகை நிறுத்தாமல், சரிபார்த்த விவரத்தை நிறுத்தியது இந்த முறை. தனித்தனி வீட்டில் ரகசியமாக இருந்த அச்சம், அடுத்தடுத்து உட்கார்ந்து சொல்லப்பட்டபோது பொதுச் செய்தியாயிற்று. தன் மாடு மட்டும் பட்டிக்குப் போகவில்லை என்று ஒவ்வொருவரும் அறிந்தனர்.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. காந்தியை வைஸ்ராய் அனுப்பினார், பேரரசரே அனுப்பினார், இனி உள்ளூர் அதிகாரிகளின் சொல் செல்லாது என்றெல்லாம் விவசாயிகளிடையே வதந்திகள் பரவின. அதிகாரிகளின் கடிதங்களில் இது குறித்த கவலை பதிவாகியிருக்கிறது. ஆக, துரைமாரின் உருட்டலை உடைத்த துணிவில் ஒரு பங்கு, அவர்களைவிடப் பெரிய அதிகாரம் தங்கள் பக்கம் இருக்கிறது என்ற மெய்யல்லாத நம்பிக்கையிலிருந்து பிறந்தது. மேலும், சம்பாரண் பற்றிய பிற்கால ஆய்வுகள் காட்டுவதுபோல, இயக்கத்தில் முன்னின்றவர்களில் ஓரளவு வசதியான விவசாயிகளும் வட்டிக்குக் கடன் கொடுப்பவர்களும் கணிசமாக இருந்தனர். மிரட்டலைச் சோதித்துப் பார்க்க இழப்பைத் தாங்கும் வசதி வேண்டும். அன்றாடக் கூலிக்கு அந்தச் சோதனை உயிர்ச்செலவு.

1917 ஜூனில் அரசு விசாரணைக் குழுவை அமைத்தது. ஃபிராங்க் ஸ்லை தலைவர், காந்தி உறுப்பினர். ஷரஹ்பேஷி உயர்வில் இடத்துக்கேற்ப 20 முதல் 26 விழுக்காடு குறைக்கவும், தாவானில் 25 விழுக்காட்டைத் திருப்பித் தரவும் உடன்பாடு ஏற்பட்டது. 1918இல் சம்பாரண் வேளாண் சட்டம் தீன்கட்டியாவை ஒழித்தது. வாங்கியதில் நான்கில் ஒரு பங்கை மட்டும் திருப்பித் தருவது குறைவு என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் துரை ஒருவர் விவசாயியிடம் பெற்ற பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது என்ற செய்தியின் மதிப்பு அந்தத் தொகையில் அடங்கவில்லை. பணியவில்லை என்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதுவரை சாட்டி மட்டுமே விடையாக இருந்தது. இப்போது இரண்டாவது விடை ஒன்று கிடைத்துவிட்டது. அதன்பின் சம்பாரணில் துரைமாரின் பிடி மெல்லத் தளர்ந்தது.

சாட்டியையும் மோதிஹாரியையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, மிரட்டலைப் பற்றிய இரண்டு எளிய நம்பிக்கைகளும் நிற்பதில்லை. எல்லா மிரட்டலும் மெய் என்று நம்பினால் 19 லட்சம் பேர் சிலருக்குப் பணிந்தே கிடக்க வேண்டும். எல்லா மிரட்டலும் பூச்சாண்டி என்று நம்பினால், சாட்டியில் சிறை சென்றவர்களை அறியாதவர்கள் என்று இகழ நேரிடும். ஒரு மிரட்டல் உருட்டலா மெய்யா என்பது மிரட்டுபவரின் மனத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை. அதை நிறைவேற்றினால் அவருக்கு என்ன செலவாகும், அதை யார் பார்க்கிறார்கள், மிரட்டப்பட்டவர் தனியாக இருக்கிறாரா என்ற சூழலில் அது தீர்மானமாகிறது. அதே ஆணை, தனியாள் கையில் கிடைத்தால் மெய். பலர் பார்க்கும் நீதிமன்றத்தில் விரித்து வாசிக்கப்பட்டால் வெறும் தாள்.

மிரட்டப்பட்டவரிடம் ‘நீ ஏன் பயந்தாய்?’ என்று கேட்பது எளிது. சம்பாரண் நம்மிடம் கேட்பது வேறு: அவர் மிரட்டப்பட்டபோது அருகில் யார் இருந்தார்கள், யார் எழுதிவைத்தார்கள்? ஷேக் குலாபுக்கும் சீதல் ராய்க்கும் துணிவு குறையவில்லை. அவர்களுக்குக் குறைந்தது, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் கைகள்.