உலைக்களத்தின் எழுதாக் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம், பொன்னமராவதிப் பகுதிகளில் ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு, மேலைச்சிவபுரி முதலிய நகரத்தார் ஊர்கள் உள்ளன. அங்குள்ள பெருவீடுகளைப் பற்றி எழுதுவோர் ஒரு பட்டியலைத் தவறாது தருவர். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, இரும்பு இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து. பட்டியலில் பிழையில்லை. ஆனால் அந்தத் தேக்குக் கதவுக்குப் பூணும் தாழும், சன்னலுக்குக் கம்பியும் அடித்துக் கொடுத்த உள்ளூர்க் கொல்லர் அதில் இடம்பெறுவதில்லை. அவரது கைவேலையைச் சிறிது ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுக்கோட்டைச் சீமைக்கு இரும்பு புதியதன்று. நகருக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் செம்புறாங்கல் இரும்புச் சத்து மிக்கது. அப்பகுதியிலுள்ள பொற்பனைக்கோட்டையில் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. கோட்டையைச் சூழ்ந்த நிலத்தில் இரும்புக் கசடுகளும் உருக்கு உலைகளின் எச்சங்களும் காணப்பட்டுள்ளன. தமிழகத்து இரும்பின் தொன்மை குறித்து 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு செல்கிறது. அறிஞர்களிடையே இதுபற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. எனினும் இரும்பின் வரலாறு என்றதும் வாளும் வேலும் கொழுவுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. வீட்டு வாசலுக்குள் நுழைந்த இரும்பை எவரும் அதிகம் பொருட்படுத்தவில்லை.

பழைய தமிழ் வீட்டுக் கதவுகள் பலவற்றுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரக்கட்டையிலேயே மேலும் கீழும் குடுமி விட்டு, அதனைக் குழியில் நிறுத்திச் சுழலச் செய்தனர். மரக்குடுமி பிளவாமல் காப்பது இரும்புப் பூண். பிற்காலத்தில் கீல் வந்தது. அதனுடன் நாதாங்கி, கொண்டி, வளையம், குமிழ்த்தலை ஆணி, முழங்கைக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள சாவி என்று கொல்லருக்கு வேலை பெருகியது.

சன்னலின் அமைப்பு இன்னும் நுட்பமானது. செங்குத்தான கம்பிகளை இடையில் பிணைத்து நிறுத்துவது தட்டையான ஓர் இரும்புப் பட்டை. கம்பி நுழைய அதில் துளை வேண்டும். துளையிடும் இயந்திரமாயின் அவ்வளவு இரும்பையும் துருவி வெளியே எறிந்துவிடும். பட்டை அவ்விடத்தில் பலம் இழக்கும். கொல்லரோ பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் முளையை நிறுத்திச் சம்மட்டியால் அடித்துத் துளைப்பார். இரும்பில் பெரும்பகுதி வெளியேறாமல் இருபுறமும் விலகிக் கொடுக்கும். அதனால் துளையின் பக்கங்கள் சற்றே புடைத்து நிற்கும். பழைய சன்னல் ஒன்றில் விரலால் தடவினால் அந்தப் புடைப்பு தட்டுப்படும். கையால் அடித்த வேலை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை நாம் அறியோம்.

அழகு வேலையும் இந்த அடியிலிருந்தே பிறக்கிறது. சதுரக் கம்பியைக் காய்ச்சி, ஒரு முனையை இறுகப் பற்றி மறுமுனையைத் திருகினால் முறுக்கு விழும். சூடு சமமாக இல்லாத இடத்தில் முறுக்கும் சமமாக விழாது. சுருளுக்கு முனையை முதலில் மெலிய நீட்டி, அடைகல்லின் விளிம்பில் வைத்துச் சிறிது சிறிதாக வளைக்க வேண்டும். இரண்டு சுருள்களைச் சேர்க்கத் தறையாணி அடிப்பர். அல்லது சூடான சிறு பட்டையைச் சுற்றி மடித்துப் பூணாக்குவர். சங்கிலிக் கண்ணியை மூடுவதே கடினம். இரு முனைகளும் வெண்மையை எட்டும் வரை காய்ந்து, மணல் தூவி, அந்தக் கணத்திலேயே அடிபட வேண்டும். முந்தினால் ஒட்டாது, பிந்தினால் இரும்பு பொறி பறந்து எரிந்துபோகும். துருத்தி ஊதுபவரும் சம்மட்டி அடிப்பவரும் ஒருவர் முகக்குறிப்பை ஒருவர் அறிந்தாலன்றி இவ்வேலை நடவாது.

பாக்குவெட்டியை இங்குத் தனித்துக் குறிப்பிட வேண்டும். கிளியாகவும் மயிலாகவும் குதிரையாகவும் வடித்த பாக்குவெட்டிகள் வெற்றிலைத் தட்டோடு பல இல்லங்களிலும் இருந்தன. அதன் வாய் கூர்மை மழுங்காதிருக்க நீரில் தோய்த்துக் கடினமாக்க வேண்டும். கைப்பிடியோ முறியாதிருக்க மென்மையாகவே இருக்க வேண்டும். உள்ளங்கையளவுப் பொருளொன்றில் இரண்டு பதம்! பாக்கு மெல்லும் வழக்கம் குறைந்தது உடலுக்கு நன்மையே. பாக்குவெட்டி செய்தவருக்கு அது நன்மையாக அமையவில்லை.

சீமையிலிருந்து வந்த வார்ப்பிரும்புத் தூண் வேறு இனத்தைச் சேர்ந்தது. உருக்கி அச்சில் ஊற்றிய அதனைப் பழுக்கக் காய்ச்சி அடித்தால் வளையாது, உடையும். அச்சு ஒன்று இருந்தால் ஒரே பூவை நூறு முறை வார்க்கலாம். ஆயினும் ‘வந்தது, உள்ளூரில் செய்தது’ என்று இரண்டாகப் பிரித்துவிடவும் இயலாது. 19ஆம் நூற்றாண்டில் மலிவான ஆங்கிலேய இரும்புக் கம்பிகள் வந்து இறங்கியபோது ஊர் உலைகளில் மண்ணை உருக்கி இரும்பு எடுக்கும் தொழில் மங்கியது. அடிக்கும் தொழில் மங்கவில்லை. கொல்லர் சீமைக் கம்பியையே வாங்கித் தம் ஊர் வடிவத்தை அதற்குக் கொடுத்தார். கப்பலில் வந்த விட்டங்களில் ஆலையின் பெயர் பொறித்திருப்பது உண்டு. சன்னலை அடித்தவர் பெயர் எங்கும் இல்லை. ஊர்க் கொல்லருக்குரிய கூலி பெரும்பாலும் களத்துமேட்டில் நெல்லாக அளக்கப்பட்டது. நெல்லுக்கு ரசீது ஏது?

பெயர் மறைந்தமைக்குக் கூலிமுறை மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. கம்மாளரின் சமூகநிலையை அறியக் கொங்கு நாட்டுக் கல்வெட்டொன்று உதவும். கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலிலுள்ள அது, கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் பூண்ட அரசனின் ஆணை. கம்மாளர் தம் நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், வெளியே செல்கையில் செருப்பு அணியவும், தம் வீடுகளுக்குச் சுண்ணச்சாந்து பூசவும் அது உரிமை வழங்குகிறது. உரிமை வழங்கப்பட்டது என்றால், அதற்கு முன் அது இல்லை என்பதே பொருள். பிறர் வீட்டுக்கு அணி செய்தவர் தம் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது!

இஸ்லாமிய வரலாற்றிலும் உலைக்களம் உண்டு. திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் இரும்பின் பெயரையே தாங்கியுள்ளது. மக்காவில் கொல்லராக உழைத்த கப்பாப் (ரலி) அவர்களுக்குத் தர வேண்டிய பணத்தை, அவர் ஏற்ற மார்க்கத்தைக் காரணம் காட்டி ஆஸ் பின் வாயில் தர மறுத்தான். உழைத்தவரின் அக்கணக்கு ஹதீஸ் நூல்களில் பதிவாகி நிலைத்துவிட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடித்து வளர்ந்தது மதீனத்துக் கொல்லர் அபூ ஸைஃப் அவர்களின் இல்லத்தில். குழந்தையைக் காணப் பெருமானார் அங்குச் சென்றபோது வீடு துருத்திப் புகையால் நிறைந்திருந்ததையும் அறிவிப்பாளர் மறைக்கவில்லை.

நகரத்தார் ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அப்பட்டியல் எந்த வீட்டையும் இடிபடாமல் தடுக்க வல்லதன்று. பங்காளிகள் பலராகிப் பராமரிப்பு இயலாதபோது வீடு பிரிக்கப்படுகிறது. தேக்குத் தூணும் பாக்குவெட்டியும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. எந்த ஊர், எந்த வீடு என்ற செய்தி உடன் வருவதில்லை. சன்னல் கம்பி அங்கும் போவதில்லை. எடைக்குப் போகிறது. நம் பழைய இல்லங்களையும் பள்ளிவாசல்களையும் புதுப்பிக்கும்போது கழற்றப்படும் கம்பிகளுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். அவ்விடத்தில் மின்சாரப் பற்றவைப்பில் செய்த கிரில் ஏறுகிறது. அதனைக் குறை கூறுவதற்கில்லை; விலை குறைவு, வேலை விரைவு. ஊர்க் கொல்லர் அரிவாளோடும் மண்வெட்டியோடும் நின்றுவிட்டார்.

வீட்டைப் பிரிக்குமுன் ஒரு சன்னலை அளந்து, படமெடுத்து, ஊரின் பெயரோடும் தெரிந்தால் கட்டிய ஆண்டோடும் குறித்து வைக்க ஒரு பிற்பகல் போதும். அவ்வூரில் உலைக்களம் எந்தத் தெருவில் இருந்தது, யார் அடித்தார் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். அதைச் சொல்லக்கூடிய முதியோர் சிலர் இன்னும் திண்ணையில் இருக்கின்றனர்.