மண்ணுக்கேற்ற நெல்

மேல்மலையனூரிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் ஏரிப்பாசன நஞ்சையும் உண்டு. வானம் பார்த்த புன்செயும் உண்டு. எல்லா நிலத்துக்கும் ஒரே நெல் ஒவ்வாது என்பதை நம் உழவர் நெடுங்காலமாக அறிவர். களர் மண்ணைத் தாங்குவது களர்பாலை. வறட்சியையும் வெள்ளத்தையும் பொறுப்பது காட்டுயானம்.

இத்தகுதி வந்தது எவ்வாறு? ஒரு வயலின் பயிர்கள் யாவும் ஒரே இயல்பின அல்ல. உப்பையும் வெள்ளத்தையும் தாங்காதவை மடிந்தன. தாங்கியவை மணி தந்தன. அம்மணிகளையே உழவர் விதையாகப் போற்றினர். பல தலைமுறைகளில் நெல் அவ்விடத்துக்கே உரியதாயிற்று.

கோயமுத்தூரில் 1912இல் தோன்றிய நெல் ஆராய்ச்சி நிலையம் இந்நாட்டு நெற்களிலிருந்தே நல்லனவற்றைத் தேர்ந்தெடுத்தது. 1966இல் ஐ.ஆர். 8 வந்தது, விளைச்சல் பெருகிற்று. அந்நன்மையை மறத்தல் ஆகாது. ஆயினும், பழைய நெற்கள் பல வயலை விட்டு மறைந்தன.

அவற்றின் அருமையை ஒடிசாவின் நாட்டு நெல்லொன்று உணர்த்திற்று. நீரில் மூழ்கினால் அது வளர்ச்சியை நிறுத்தி வலிவைச் சேமிக்கும்; நீர் வடிந்தபின் மீண்டும் தழைக்கும். அதற்குக் காரணமான மரபணுவை அறிஞர் 2006இல் அறிவித்தனர். அப்பண்பைப் பெற்ற ‘ஸ்வர்ணா சப்-1’ நெல் 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது.

நாளைய பஞ்சத்துக்கு மருந்து நேற்றைய விதையில் இருக்கலாம். உங்கள் ஊரில் பழைய விதை காக்கும் பெரியவர் உளரேல், இன்றே சென்று கேட்டறியுங்கள்.