ஒரே துணியில் தைத்த சட்டை

1863 ஒக்ரோபர் 19ஆம் திகதி, பிலடெல்பியா இன்குவைரர் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. கெற்றிஸ்பேர்க் சண்டையில் செத்துக் கிடந்த ஒரு சிப்பாயின் கையில் மூன்று பிள்ளைகளின் படம் இருந்திருக்கிறது. அந்தச் சிப்பாய் எந்தப் பிள்ளைகளின் அப்பா? அதுதான் செய்தி கேட்ட கேள்வி.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெற்றிஸ்பேர்க் சண்டை ஜூலை 1 முதல் 3 வரை, மூன்றே நாள்தான் நடந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேர் செத்தும், காயப்பட்டும், காணாமலும் போனார்கள். கழுத்தில் பெயர்த்தகடு கட்டுகிற வழக்கம் அப்போது படையில் இல்லை. இந்த ஆளிடம் பெயரைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. இருந்தது அந்தப் படம் மட்டும்தான்.

படமும் லேசுப்பட்ட படம் இல்லை. அம்ப்ரோடைப் என்று சொல்லப்படுகிற, கண்ணாடித் தகட்டில் எடுத்த படம். அதுக்கு நெகட்டிவ் கிடையாது, உடைஞ்சால் போச்சு. பக்கத்து ஊரில் தவறணை நடத்திய ஒருவரின் மகளிடம் அது போய்ச் சேர்ந்தது. காயப்பட்டவர்களைப் பார்க்கப் போன டொக்டர் போர்ன்ஸ் என்பவர், வழியில் வண்டி பழுதாகி அந்தத் தவறணையில் தங்கினபோது படத்தைக் கண்டு, கேட்டு வாங்கினார்.

அன்றைக்குப் பேப்பரில் புகைப்படத்தை அப்படியே அச்சடிக்க வழி இல்லை. அதனால் செய்தி எழுதியவர் படத்தைச் சொல்லாலேயே காட்டவேண்டி வந்தது. ஒரு பெண்பிள்ளை, இரண்டு பொடியள். சின்னவன் உயரமான கதிரையில் நடுவில் இருக்கிறான். மூத்தவனின் மேற்சட்டையும் தங்கச்சியின் சட்டையும் ஒரே துணியில் தைத்தவை.

இந்தக் கடைசி வரியை நாங்கள் திரும்பத் திரும்ப வாசித்தோம். முகத்தை வர்ணித்திருந்தால் ஆயிரம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். மிஞ்சின துணியில் தங்கச்சிக்கும் சட்டை தைக்கிற வீட்டுக் கணக்கு தாய்க்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு கிறிஸ்தவ சபைப் பத்திரிகை அதே செய்தியை எடுத்துப் போட்டது. நியூ யோர்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற சின்ன ஊருக்கும் அது போனது. அங்கே பிலிண்டா ஹமிஸ்டன் என்ற பெண் அதை வாசித்தா. பிள்ளைகளின் படத்தைப் போர்முனைக்கு அனுப்பியவ அவதான். கெற்றிஸ்பேர்க்குக்குப் பிறகு புருஷனிடமிருந்து கடிதமே இல்லை. டொக்டருக்கு எழுதிக் கேட்டார்கள், கடதாசிப் பிரதி ஒன்று வந்தது. ஃபிராங், அலிஸ், ஃபிரெட். எட்டு, ஆறு, நாலு வயது. படம் கிடைத்த அதே நேரத்தில்தான் தான் விதவை என்பதும் அவவுக்கு உறுதியாச்சு. செத்தவர் சார்ஜன்ட் ஏமோஸ் ஹமிஸ்டன், 154ஆவது நியூ யோர்க் படையணி.

இந்தக் கதையைச் சொல்கிற பலர் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்கு அதுக்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

1864 ஜனவரியில் போர்ன்ஸ் நேரே போய்க் கண்ணாடித் தகட்டைத் தாயிடம் கொடுத்தார். பிரதிகளை விற்பது மட்டும் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பாட்டுக்கூட வந்தது. போரில் செத்த சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு இல்லம் கட்டப் பணம் சேர்க்கிறோம் என்றார்கள்; 1866இல் கெற்றிஸ்பேர்க்கிலேயே இல்லம் திறந்தது. பிலிண்டா பிள்ளைகளோடு அங்கேயே போய், உடுப்புப் பொறுப்பில் வேலை செய்தா. 1869இல் மறுமணம் செய்துகொண்டு வெளியேறினா. பிறகு அந்த இல்லத்தில் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தியதற்காக மேற்பார்வையாளர் பெண் நீதிமன்றம் வரை போனா. போர்ன்ஸ் பணத்தைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1877இல் இல்லம் மூடப்பட்டது.

தகடு வீட்டுக்குத் திரும்பினது. பிள்ளைகளின் முகம் திரும்பவில்லை, அது சந்தையிலேயே நின்றுவிட்டது.

ஏமோஸும் நூற்றுச்சொச்ச வருஷம் 'படத்தோடு செத்தவர்' மட்டும்தான். அதே படையணியில் இருந்த ஒரு சிப்பாயின் பூட்டப்பிள்ளையான மார்க் டங்கெல்மன், ஹமிஸ்டன் வழித்தோன்றல்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வைத்திருந்த கடிதங்களை வாசித்து 1999இல் புத்தகம் எழுதினார். திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவர், குதிரைச் சேணம் செய்தவர், பிள்ளைகளின் படம் கிடைத்த சந்தோஷத்தை 1863 மே மாதம் வீட்டுக்கு எழுதியவர். வம்சம் தேடுற வேலை என்றால் எங்களுக்கு இதுதான். 2018இல் தொடங்கின 'சிவில் வோர் போட்டோ ஸ்லூத்' என்ற தளத்தில் இப்போது முகத்தைக் கணினியே ஒப்பிடுகிறது. அதுவும் 'இவராக இருக்கலாம்' என்று சிலரைக் காட்டும், அவ்வளவுதான். மிச்சத்துக்குப் பழைய கடதாசிகளைத்தான் கிளற வேணும்.

எங்கட பக்கம் இது இன்னும் சிக்கல். அவர்களுக்குக் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். எங்களுக்கு அப்பாவின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். கொலனிக் காலத்து ஸ்ரூடியோக்கள் எடுத்து விற்ற படங்களில் 'சிலோன் தமிழ்ப் பெண்' என்றுதான் கிடக்கு. பெயர் எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. அதே படங்களை 'அந்தக்கால யாழ்ப்பாணம்' என்று பேஸ்புக்கில் பகிர்கிற எங்களுக்கும் தோன்றுவதில்லை.

ஆனால் எங்களிடம் ஒரு நல்ல ஆவணம் இருக்கு: கல்வெட்டு. அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவு மலரைத்தான் யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்லுவோம். முன்பக்கத்தில் செத்தவரின் படம், உள்ளே ஊர், பெற்றோர், சகோதரர், யார் யாரைக் கட்டினார்கள் என்ற விபரம், சிலதில் வம்சாவளி மரமே இருக்கும். நூலகம் தளத்தில் அப்படியான மலர்கள் நிறைய ஏற்றப்பட்டிருக்கின்றன. ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கோ. அல்பத்தில் ஆரென்று தெரியாமல் கிடக்கிற ஒரு முகம், கொஞ்சம் வயது போய் அங்கே இருக்கலாம். கண்டுபிடித்தால் படத்தை முதலில் அந்தக் குடும்பத்துக்கு அனுப்புங்கோ. பேஸ்புக்கில் போடலாமா இல்லையா என்பதை அவர்கள் சொல்லட்டும்.