கணுக்கால் அளவு நீர்: மதீனாவின் பேரீச்சந் தோட்டத்திலிருந்து நம் வீட்டு முற்றம் வரை

கோடைக்கால மாலைப் பொழுதுகளில் நம் தெருக்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. முற்றத்து மாமரத்தின் அடியில் ரப்பர் குழாயைப் போட்டுவிட்டுச் சென்றவர், மஃக்ரிப் தொழுது திரும்பும்போதுதான் அதை நினைவுகூர்கிறார். அதற்குள் பாத்தி நிரம்பி, வாசற்படியைத் தாண்டி, நீர் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்.

மரத்துக்கு நீர் வார்ப்பது நன்மையான செயல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாக அமையும் என்ற நபிமொழியைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆயினும் எவ்வளவு நீர் வார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, அதன்பின் உள்ள நீர் யாருக்கு உரியது என்ற கேள்விகளை நாம் கேட்டுக்கொள்வதில்லை. நமக்கு முன் வாழ்ந்த முஸ்லிம்கள் இவற்றைக் கேட்டார்கள். சட்டத்திலும் நூலிலும் தோட்டத்திலும் அவற்றுக்கு விடை தேடினார்கள். அந்த வரலாற்றின் சில பக்கங்களை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

ஹர்ராவின் வாய்க்கால்

மதீனாவின் கிழக்கிலும் மேற்கிலும் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் நிலங்கள் உள்ளன. இவற்றை ஹர்ரா என்பர். மழை பெய்யும்போது அங்கிருந்து பெருகும் நீர், வாய்க்கால்கள் வழியே பேரீச்சந் தோட்டங்களை அடைந்தது. எப்போதோ ஒருமுறை வரும் நீர் அது. அதைத் தவறவிட்டால் தோட்டம் மீண்டும் நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

அத்தகைய வாய்க்கால் ஒன்றைக் குறித்து ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் பிணக்கு எழுந்தது. ஸுபைர் (ரழி) அவர்களின் நிலம் மேலே இருந்தது. நீரைத் தடுத்து நிறுத்தாமல் ஓட விடுமாறு கீழ்நிலத்தவர் கேட்டார். ஸுபைர் (ரழி) மறுத்தார்கள். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. மரங்களுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் அண்டை வீட்டாருக்கு அதை விட்டுவிடுமாறு நபியவர்கள் ஸுபைர் (ரழி) அவர்களிடம் கூறினார்கள்.

அன்ஸாரியோ இதில் திருப்தி அடையவில்லை. ஸுபைர் (ரழி) நபியவர்களின் அத்தை மகன் என்பதால்தான் இத்தீர்ப்பு என்று சொல்லிவிட்டார். நபியவர்களின் முகம் மாறியது. வரப்பை எட்டும் வரை நீரைத் தேக்கி, அதன் பிறகே விடுமாறு இரண்டாவதாகத் தீர்ப்பளித்தார்கள்.

இந்த இரண்டு தீர்ப்புகளின் வேறுபாட்டை அறிஞர்கள் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். முதலாவது இருவருக்கும் இடமளித்த சமரசம். மேல்நிலத்தவர் தம் உரிமையில் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது அவருடைய முழு உரிமை. அம்முழு உரிமையும் எல்லையற்றதாக இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வரப்பை எட்டும் நீர் என்பது கணுக்கால் வரையிலான உயரம் என்று மக்கள் மதிப்பிட்டதாக இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரி (ரஹ்) அறிவிக்கிறார்கள். மதீனாவின் மஹ்ஸூர் என்னும் ஓடையைக் குறித்தும் இதே அளவே தீர்ப்பாக அறிவிக்கப்பட்டுள்ளது. மேலே உள்ளவர் கணுக்கால் அளவு தேக்கிக்கொண்டு, பிறகு கீழே உள்ளவருக்கு விட வேண்டும்.

ஆக, நீர்ப் பங்கீட்டைப் பற்றிய இஸ்லாமியச் சட்டத்தின் ஒரு முக்கியமான அடிப்படை, மரங்களுக்கு நீர் பாய்ச்சுவதில் எழுந்த ஒரு சச்சரவிலிருந்து பிறந்தது. கணுக்கால் வரை உரிமை. அதற்கு முன்பே விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. அதற்கு மேல் தேக்குவது அடுத்தவர் பங்கில் கை வைப்பது.

அந்தலூஸின் அறிஞர்கள்

முஸ்லிம்கள் ஐபீரியத் தீபகற்பத்தில் குடியேறியபோது இந்த அளவுணர்வும் அவர்களோடு சென்றது. உமையா இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் 756ஆம் ஆண்டு குர்துபாவில் ஆட்சியை நிறுவினார். தம் பாட்டனார் ஹிஷாமின் சிரியா நாட்டு மாளிகையை நினைவுகூர்ந்து, ருஸாஃபா என்ற பெயரிலேயே ஒரு தோட்ட மாளிகையை அமைத்தார். கிழக்கிலிருந்து வந்த செடிகளும் விதைகளும் அங்கே வளர்க்கப்பட்டன. புதிய மண்ணில் பழைய ஊரின் மரங்களைப் பிழைக்க வைக்க அன்பு மட்டும் போதாது; நீரைப் பற்றிய அறிவும் வேண்டும்.

அந்த அறிவு பின்னர் நூல்களாக மலர்ந்தது. 11ஆம் நூற்றாண்டில் துலைத்துலாவில் (இன்றைய டொலேடோ) வாழ்ந்த இப்னு பஸ்ஸால், ஹஜ் பயணத்தின் வழியில் பல நாடுகளின் வேளாண்மையைக் கண்டவர். 1085ஆம் ஆண்டு அந்நகர் ஆறாம் அல்ஃபோன்ஸோவின் கைக்குச் சென்றபின் அவர் இஷ்பீலியாவில் (செவில்) பணியாற்றினார். அவர் தம் வேளாண் நூலை நீரின் வகைகளிலிருந்தே தொடங்குகிறார். மழைநீர், ஆற்றுநீர், ஊற்றுநீர், கிணற்றுநீர் ஆகியவற்றின் இயல்பு வேறுவேறு. அதற்கேற்பச் செடிகளின் தேவையும் வேறுபடும் என்பது அவருடைய அணுகுமுறை.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாம், கிதாபுல் ஃபிலாஹா என்ற பெருநூலை இயற்றினார். ஏறத்தாழ 585 தாவரங்களை விவரிக்கும் நூல் அது. முன்னோர் சொன்னதைத் தொகுத்ததோடு நில்லாமல், இஷ்பீலியாவை அடுத்த அஷ்ஷரஃப் பகுதியில் தாமே செய்து பார்த்தவற்றையும் அவர் எழுதினார். 1802ஆம் ஆண்டு மத்ரீதில் இந்நூல் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

மண்பானையில் நீர் நிரப்பி மரத்தின் அருகே புதைத்து, அது சிறிது சிறிதாகக் கசிந்து வேரை அடையச் செய்யும் முறையை இந்நூலில் காண்கிறோம். மெருகூட்டப்படாத மண்பானையின் நுண்துளைகள் வழியே, சுற்றியுள்ள மண் காயும்போது நீர் வெளியே இழுக்கப்படும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தணியும். கொடுப்பவரின் அவசரமோ மறதியோ இங்கே அளவைத் தீர்மானிப்பதில்லை. வேரின் தேவையே தீர்மானிக்கிறது. இம்முறை அந்தலூஸுக்கு மட்டும் உரியதன்று. பண்டைய சீனாவிலும் அறியப்பட்டிருந்தது. நம் நாட்டிலும் கன்றுகளுக்குப் பானை புதைக்கும் வழக்கம் உண்டு.

பள்ளிவாசல் முற்றமும் அரண்மனைத் தோட்டமும்

குர்துபா பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் மரம் நடலாமா என்பதே ஒரு காலத்தில் மார்க்க விவாதமாக இருந்தது. இமாம் அவ்ஸாஈ (ரஹ்) அவர்களின் வழியைப் பின்பற்றிய ஸஃஸஆ இப்னு ஸல்லாம் அதை அனுமதித்தார். மாலிக்கி அறிஞர்கள் அதை விரும்பவில்லை. பின்னாளில் அந்தலூஸ் முழுவதும் மாலிக்கி மத்ஹபையே பின்பற்றியபோதும் அம்மரங்கள் அகற்றப்படவில்லை. இன்று அங்கே நிற்கும் நாரத்தை மரங்கள் பிற்காலத்தவை. எனினும் ஒரு மரத்தடியிலிருந்து மறு மரத்தடிக்கு நீரைக் கடத்தும் சிறு வாய்க்கால்களைப் பார்க்கும்போது, ஒருவர் பெற்று அடுத்தவருக்கு விடும் ஹர்ராவின் ஒழுங்கு நம் நினைவுக்கு வருகிறது.

கர்னாத்தாவின் (கிரனாடா) அல்ஹம்ரா குன்றுக்கு, நஸ்ரி வம்சத்தை நிறுவிய முதலாம் முஹம்மத் 13ஆம் நூற்றாண்டில் தாரோ ஆற்றிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்காலை வெட்டுவித்தார். அந்நீரே ஜன்னத்துல் அரீஃப் (ஹெனராலிஃபே) தோட்டத்தின் நடுவே ஓடியது. 1958ஆம் ஆண்டு ஏற்பட்ட தீ விபத்துக்குப்பின் அங்கே அகழாய்வு நடந்தது. பழைய பாத்திகள் நடைபாதையைவிடத் தாழ்வாக அமைந்திருந்ததும், வாய்க்காலின் பக்கச் சுவரில் நீர்விடும் துளைகள் இருந்ததும் அப்போது தெரியவந்தன. பாத்தி தாழ்ந்திருந்ததால் நீர் வழிந்தோடாமல் வேரிலேயே இறங்கியது. நடப்பவரின் பாதமும் நனையவில்லை. இன்று பயணிகள் வியக்கும் வளைந்து பாயும் நீரூற்றுகள் பிற்காலச் சேர்க்கை. நஸ்ரிகளின் நீர் ஆரவாரமின்றி ஓடி மரத்தை அடைந்தது.

எஞ்சிய சொற்கள்

1492ஆம் ஆண்டு கர்னாத்தா வீழ்ந்தது. 1609ஆம் ஆண்டு முதல் மொரிஸ்கோக்கள் எனப்பட்ட எஞ்சிய மக்களும் நாடு கடத்தப்பட்டனர். பாங்கொலி ஓய்ந்த அந்த மண்ணில் நீரின் சொற்கள் மட்டும் அரபியாகவே தங்கின. வாய்க்காலைக் குறிக்கும் அஸேக்கியா என்ற ஸ்பானியச் சொல் அஸ்ஸாகியாவிலிருந்தும், தொட்டியைக் குறிக்கும் அல்பெர்க்கா அல்பிர்காவிலிருந்தும் வந்தவை.

பலன்ஸியாவை (வலென்சியா) 1238ஆம் ஆண்டு கைப்பற்றிய முதலாம் ஜைமெ மன்னர், முஸ்லிம்கள் காலத்துப் பாசன வழக்கங்களையே தொடரச் செய்தார். அந்நகரின் நீர் நீதிமன்றம் இன்றும் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலய வாயிலில் கூடுகிறது. விவசாயிகளே அங்கே நீதிபதிகள். விசாரணை முழுவதும் வாய்மொழியாகவே நடக்கிறது. முறை தவறி நீர் எடுத்ததும், அடுத்தவர் நிலத்தில் நீரை வழியவிட்டதும் அங்கே குற்றங்கள். 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

நம் முற்றத்தின் அளவு

இவ்வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் படித்தால் நமக்குப் பயன் குறைவு. நம் கையில் இருக்கும் குழாய்க்கு அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

மரத்தின் நீருறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் தண்டை ஒட்டி இருப்பதில்லை. கிளைகளின் நிழல் விழும் ஓரத்திலும் அதற்கு அப்பாலுமே பரவியுள்ளன. எனவே பாத்தியை அங்கே வட்டமாக அமைப்பதே சரி. தினமும் மேல்மண்ணை மட்டும் நனைத்தால் வேர் மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு, மெதுவாக, ஆழமாக நீர் வார்த்தால் வேர் கீழிறங்கும். புதிதாக நட்ட கன்றுக்கு அடிக்கடி நீர் தேவை; வேரூன்றிய மரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்று விட்டுவிடலாம். செம்பருத்தியும் மருதாணியும் நம் வீடுகளில் வாடுவதற்கு எப்போதும் வறட்சி காரணமல்ல. நீர் தேங்கி, காற்றில்லாமல் வேர் அழுகுவதாலும் அவை வாடுகின்றன. அளவு மீறிய நீர் மரத்துக்கும் நன்மை செய்வதில்லை.

ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் மேல்நிலம் கீழ்நிலம் என்ற வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் நம் மோட்டாரும் அண்டை வீட்டாரின் மோட்டாரும் பெரும்பாலும் ஒரே நிலத்தடி நீரையே இறைக்கின்றன. ஸுபைர் (ரழி) அவர்களின் வாய்க்கால் இப்போது நிலத்துக்குள் ஓடுகிறது, அவ்வளவே. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கைகளும் கொள்ளும் அளவு நீரில் உளூச் செய்ததாக ஹதீஸ்கள் கூறுகின்றன. நம் பள்ளிவாசல்களில் உளூச் செய்து வடியும் நீர் சாக்கடையில் கலப்பதையும், சில ஊர்களில் அதே நீர் தென்னைகளுக்குப் பாய்வதையும் கண்டிருக்கிறோம். ஒரு சிறு வாய்க்கால் வெட்டுவதே இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

அடுத்த முறை குழாயைத் திறக்கும்போது அருகிலேயே நிற்போம். பாத்தி கணுக்கால் அளவை எட்டும் முன்பே நிறுத்திவிட்டால், எஞ்சியது அண்டை வீட்டாருக்கு நாம் விட்டுக்கொடுத்த பங்காகட்டும். நம் மரங்களின் நிழலையும் கனியையும் நிலையான தர்மமாக அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.