அரண்மனைக்காரத் தெரு (ஆர்மேனியன் தெரு), சென்னை

சென்னை ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பழைய தெரு. கிழக்கே தம்புச் செட்டித் தெரு முதலான வணிகத் தெருக்களும், மேற்கே பிராட்வே எனப்படும் பிரகாசம் சாலையும் உள்ளன. இங்கு அரண்மனை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆர்மேனியர் பெயரே மக்கள் வழக்கில் இவ்வாறு திரிந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை. தெரு அமைந்த ஜார்ஜ் டவுன் பகுதி முன்பு கருப்பர் நகரம் எனப்பட்டது. இன்றைய பெயர் 1906இல் வேல்ஸ் இளவரசர் வருகையை ஒட்டி ஏற்பட்டது என்று சிலரும், 1911இல் அவரே ஐந்தாம் ஜார்ஜாக முடிசூடியபோது ஏற்பட்டது என்று வேறு சிலரும் எழுதியுள்ளனர்.

தெருவின் தோற்றம் கோட்டைக்கு வெளியே நடந்த ஓர் இடிப்போடு தொடர்புடையது. தொடக்கக் காலக் கருப்பர் நகரம் புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. பகைவர் மறைந்து தாக்க வீடுகள் இடம் தருகின்றன என்று கருதிய கிழக்கிந்தியக் கம்பெனி பழைய நகரைப் படிப்படியாக இடித்துத் திடலாக்கியது. குடிபெயர்ந்தவர்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்துநாய்க்கன்பேட்டையிலும் குடியேறினர். வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773இல் நடப்பட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்றும் உள்ளது.

ஆர்மேனியரின் சென்னை வாழ்வு இதற்கு முந்தையது. பாரசீகத்தின் இஸ்ஃபகானை அடுத்த புதிய சூல்ஃபாவிலிருந்து வந்த இவ்வணிகருக்கும் கம்பெனிக்கும் 1688 ஜூன் 22 அன்று லண்டனில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கம்பெனியின் நகரொன்றில் நாற்பது ஆர்மேனியர் குடியிருந்தால் அவர்கள் வழிபட இடம் தந்து மரத்தால் ஒரு தேவாலயம் கட்டித் தருவதாகவும், குருவுக்கு ஏழாண்டுகள் ஆண்டுக்கு 50 பவுன் தருவதாகவும் கம்பெனி ஒப்புக்கொண்டது. சென்னையில் அவர்களின் முதல் தேவாலயம் 1712இல் எழுந்தது. அது இந்தத் தெருவில் அன்று, பழைய கருப்பர் நகரில் இருந்தது. 1712, 1772 என்ற இரண்டு ஆண்டுகளும் இன்றைய கட்டடத்துக்கே உரியவைபோலச் சில நூல்களில் கலந்து வருவதற்கு இதுவே காரணம்.

அக்காலத்து ஆர்மேனியருள் சென்னை மக்கள் மறக்கக் கூடாதவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தம் பணத்தில் கட்டியவர். பரங்கிமலைப் படிக்கட்டுகளை அமைத்தவரும் அவரே. பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சாய மறுத்துத் தம் சொத்தை இழந்தார். 1751இல் இறந்து வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது இதயம் மட்டும் பேழையில் வைத்துச் சூல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது என்பர். அவர் கட்டிய பாலம் நின்ற இடத்தில் 1960களில் மறைமலை அடிகள் பாலம் எழுந்தது.

தெருவின் வரலாற்றில் சான்றுகள் நிறைந்த காலம் 1770 முதல் 1800 வரையிலான முப்பதாண்டு. அதன் மையத்தில் நிற்பது ஒரு குடும்பம். ஷாஹமிர் ஷாஹமிரியன் (1723-1797) புதிய சூல்ஃபாவிலிருந்து வந்து சென்னையில் பெருஞ்செல்வம் சேர்த்த வணிகர். கம்பெனி ஏடுகளில் ஆகா ஷாமியர் சுல்தான் என்று வருபவர் இவரே எனக் கொள்வது வழக்கம். கோட்டைக்குள் ராபர்ட் கிளைவ் வாடகைக்குக் குடியிருந்த வீடு இவருடையதாக இருந்தது. 1755இல் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. கோட்டைக்குள் ஆர்மேனியர் வசிக்கலாகாது என்று கம்பெனி முடிவு செய்திருந்த காலம் அது. ஜார்ஜியாவின் மன்னர் இரண்டாம் எரக்லேயுடன் ஷாஹமிருக்குக் கடிதத் தொடர்பும் இருந்தது.

1772இல் இத்தெருவில் இன்றுள்ள தூய மரியாள் ஆர்மேனியத் தேவாலயம் கட்டப்பட்டது. அதற்கு முன் அவ்விடம் ஆர்மேனியரின் இடுகாடு. அங்கிருந்த ஷாமியர் குடும்பத்தின் தனிச் சிற்றாலயமே தேவாலயத்துக்கு அடிப்படை என்று கூறப்படுகிறது. வளாகத்தில் ஏறத்தாழ 350 ஆர்மேனியர் அடக்கமாகியுள்ளனர். தரையில் பதித்த கல்லறைப் பலகைகளின் மேல்தான் வருவோர் நடந்து செல்ல வேண்டியுள்ளது.

அதே ஆண்டுகளில் ஷாஹமிர் தம் மூத்த மகன் ஹகோப் பெயரில் ஓர் அச்சகம் நிறுவினார். இந்தியாவின் முதல் ஆர்மேனிய அச்சகம் இதுவே. மகனின் ஆசிரியரான மோவ்சேஸ் பக்ராமியன் எழுதிய அறிவுரை நூலொன்று 1772இல் இங்கு வெளிவந்தது. அடிமைப்பட்ட தாய்நாட்டை இளைஞர் மீட்க வேண்டும் என்று அது வெளிப்படையாகக் கேட்டது. எச்மியாட்ஸினில் இருந்த ஆர்மேனியத் திருச்சபைத் தலைமைக் குரு சிமியோன் அதைக் கண்டித்து எரிக்கச் சொன்னார்.

அடுத்து வந்த ‘வொரொகாய்த் பராட்ஸ்’ என்ற நூல் விடுதலை பெறப்போகும் ஆர்மேனியாவுக்கான அரசியல் சட்ட வரைவு. 521 விதிகள் கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஆள வேண்டும் என்றும், எல்லாருக்கும் கல்வி வேண்டும் என்றும் வகுக்கிறது. தலைப்புப் பக்கம் காட்டும் ஆண்டு 1773. உண்மையில் அது 1780களின் பிற்பகுதியில்தான் அச்சாகியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். எழுதியவர் தந்தையா, மகனா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. இருவரும் பக்ராமியனும் சேர்ந்து உருவாக்கியது என்போரும் உண்டு. 1773 என்ற ஆண்டை ஏற்றால் இது அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு முந்தையதாகிறது. எந்த ஆண்டை ஏற்றாலும், இல்லாத ஒரு நாட்டுக்கான சட்டம் சென்னை நகரில் அச்சேறியது என்பதில் ஐயமில்லை.

ஹகோப் 1774இல், முப்பது வயது நிறையும் முன், மலாக்காவில் இறந்தார். அங்குள்ள கிறிஸ்து தேவாலயத்தில் அவருடைய ஆர்மேனியக் கல்லறைக் கல் இன்றும் உள்ளது. மகன் பெயரில் தொடங்கிய அச்சகத்தின் வேகம் அதன்பின் குறைந்தது.

தேவாலய வளாகத்தில் தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. விட்டம் 21 முதல் 26 அங்குலம். ஒவ்வொன்றும் 150 கிலோ அளவில் எடையுள்ளது. சென்னையின் மிகப் பெரிய தேவாலய மணிகள் இவை என்ற கூற்று உண்டு. இவற்றுள் 1778ஆம் ஆண்டு மணி, 19 வயதில் இறந்த எலியாசர் ஷாமியரின் நினைவாக வார்க்கப்பட்டது. குடும்பத்தின் கடைக்குட்டி அவர். இவரை ஹகோபின் தம்பியாகக் கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. அவ்வாறாயின் நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஷாஹமிர் இரண்டு மகன்களை இழந்திருக்கிறார். 1754இல் வார்த்து 1808இல் மறுவார்ப்புச் செய்த மற்றொரு மணியில் தமிழ் எழுத்துப் பொறிப்பு உள்ளது. இத்தெருவின் வரலாறு அயல்நாட்டு வணிகரின் பெயர்களாலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. உள்ளூர்க் கைகளும் அதில் இருந்தன என்பதற்குத் தேவாலயத்துக்குள்ளேயே கிடைக்கும் சான்று என்ற வகையில் அந்த மணி அரியது. இரு மணிகள் 1837ஐச் சேர்ந்தவை. லண்டன் வார்ப்பாளர் தாமஸ் மியர்ஸ் பெயரைத் தாங்கியவை.

இதே தேவாலயத்தில் குருவாகப் பணியாற்றியவர் ஹருத்யூன் ஷ்மவோனியன். ஷிராஸ் நகரில் பிறந்தவர். அங்கு ஒரே வாரத்துக்குள் தம் இரு மகன்களும் இறந்ததால் உலகைத் துறந்து, தர்வேசுகள் எனப்படும் இஸ்லாமியத் துறவிகளுடன் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பாரசீகம் கற்றார். 1784இல் சென்னைக்கு வந்தார். பிறகு சொந்தமாக ஓர் அச்சகம் அமைத்து, 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற திங்களிதழைத் தொடங்கினார். உலகிலேயே ஆர்மேனிய மொழியில் வந்த முதல் இதழ் அது. உலகச் செய்திகள், கப்பல் வரவு, சரக்கு விலை, விளம்பரம் ஆகியவை அதில் இடம்பெற்றன. வாசகர் மிகச் சிலர். 18 இதழ்களுடன் 1796இல் நின்றது. ஷ்மவோனியன் 1824இல் மறைந்தார். அவர் கல்லறை இத்தேவாலய வளாகத்திலேயே உள்ளது. ஆர்மேனிய இதழியலாளர் இன்றும் அதைக் காண வருகின்றனர். மகன்களைப் பறிகொடுத்த இரண்டு தந்தையர் ஒரே நகரில், ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தவர்களாக இருந்து, இருவரும் அச்சுத் தொழிலில் இறங்கியதைத் தொகுப்பாளர்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே குறிப்பிட்டுச் செல்கின்றனர்; சேர்த்துப் படிக்க வேண்டிய செய்தி இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்மேனிய வணிகம் கல்கத்தாவுக்கும் கிழக்காசியத் துறைமுகங்களுக்கும் நகர்ந்தது. பின்னி முதலிய ஆங்கில வணிக நிறுவனங்கள் தெருவில் இடம்பிடித்தன.

தெருவிலுள்ள தூய மரியாள் இணைப் பேராலயம் கத்தோலிக்கருடையது. 1642இல் கோட்டைக்கு வந்த கப்புச்சின் துறவி எப்ரேம் தே நெவேர் தொடங்கிய பணியின் தொடர்ச்சி இது. 1952இல் சென்னை, மயிலை மறைமாவட்டங்கள் இணையும்வரை சென்னையின் பேராலயமாக இருந்தது. இங்குள்ள அந்தோணியார் பீடத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர். 

அன்னி பெசன்ட் 1914இல் தொடங்கிய இந்திய இளைஞர் சங்கத்துக்காக 1915இல் இத்தெருவில் கட்டப்பட்டது கோகலே மண்டபம். தன்னாட்சி இயக்கக் கூட்டங்களும், பின்னாளில் கருநாடக இசைக் கச்சேரிகளும் அங்கு நிகழ்ந்தன. அண்மைக் காலத்தில் மண்டபத்தின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது; வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபின் இடிப்பு நின்றது.

ஆர்மேனியத் தேவாலயத்தில் இப்போது முறையான வழிபாடு இல்லை. சென்னையில் ஆர்மேனியர் அநேகமாக எவருமில்லை. கட்டடத்தைக் கல்கத்தா ஆர்மேனியத் திருச்சபை பராமரிக்கிறது. மணிகளை ஞாயிறு காலை 9.30 மணிக்குப் பராமரிப்பாளர் ஒலிப்பது வழக்கம்.

1913இல் வெளிவந்த ஹென்றி டேவிசன் லவ் நூலும் 1937இல் வெளிவந்த மெஸ்ரோவ் சேத் நூலும் இத்தெரு பற்றிய பெரும்பாலான குறிப்புகளுக்கு மூலம். இரண்டும் கம்பெனி ஏடுகளையும் கல்லறை வாசகங்களையும் கொண்டு எழுதப்பட்டவை. தெருவில் வாழ்ந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் அவற்றில் அரிதாகவே தலைகாட்டுகின்றன. இத்தெருவில் வீடோ கடையோ வைத்திருந்தவர்களின் வழிவந்தோர் தம்மிடம் பழைய பத்திரம், கணக்கேடு, நிழற்படம் இருந்தால் அவற்றைப் படியெடுத்து எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும்; முதியவர்கள் சொல்லும் செய்திகளைப் பெயரும் ஆண்டும் சேர்த்து எழுதி வைக்கவும் வேண்டும்.